அண்ணி எழுதிய டம்மி பத்தி

அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாத்தனார்க்காரி நாள் முழுக்க ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாடி ஆபீசுக்கு வருகிற வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தலை முழுக்க நரைத்த இரும்புக் கடைக்காரர்கூட ‘அண்ணி இருக்காங்களா?’ என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார். அவருக்கு இவள் மகள் வயசு. சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள்.

சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே இஸ்திரி ஆவி கிளம்பினால் மேலே கண்ணாடி ஜன்னல் வேர்க்கும். இரண்டு மேசை, இரண்டு பெரிய திரை, விதவிதமான அளவில் பழைய கைபேசிகள் ஒரு தட்டு நிறைய. எந்த வலைத்தளம் செய்தாலும் அந்தக் கைபேசிகள் ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். வருகிறவர்களுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. கொஞ்சம் கனமான ஆள் உட்கார்ந்தால் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டபடி தரைக்கு இறங்கிவிடும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று பேச்சுதான், மாற்றியபாடில்லை.

அண்ணி பக்கங்களை வரைவாள், அதில் வரும் வாசகங்களை எழுதுவாள். நாத்தனார் அதைக் கணினி மொழியில் கட்டி உயிர் கொடுப்பாள். நாத்தனாரை அவளுடைய அண்ணன் சின்ன வயதில் வாண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார். முப்பது தாண்டியும் அவள் வாண்டுதான். அந்த அண்ணன்தான் அண்ணியின் வீட்டுக்காரர். விளையாட்டுக் கிளப்பில் வாலிபால் பயிற்சியாளர். ஊரே அவரை கோச் என்று கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிட்டுவிடுவோம், வம்பில்லை.

இப்போது அண்ணியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான். ஒரு பக்கத்தை வரையும்போது, வாடிக்கையாளர் தர வேண்டிய எழுத்து கைக்கு வந்திருக்காது. என்றைக்குத்தான் வந்திருக்கிறது? இடம் நிரப்புவதற்காக எல்லா வடிவமைப்பாளர்களும் அர்த்தமில்லாத எழுத்தைக் கொட்டி வைப்பார்கள். டம்மி எழுத்து என்று பெயர். அண்ணிக்கு அது ஆகாது. “அர்த்தமில்லாத எழுத்துக்கு நான் எப்படிப் பக்கம் வரையறது? எனக்குக் கை ஓடாது” என்பாள். அதனால் அந்த நிமிஷம் மனதில் என்ன ஓடுகிறதோ அதையே எழுதி நிரப்பிவிடுவாள். இரும்புக் கடைக்காரரின் தளம் வெளியே போகும் முன் அதில் ‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தில், மாமியாரோடு திரைச்சீலைக்காக நடந்த சண்டை முழுவதும் கொஞ்ச நாள் இருந்தது. வாண்டு படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அது அம்மா அல்லவா!

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. டம்மி எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் அடித்து வைப்பாள் அண்ணி. மஞ்சள் இருந்தால் அது வெளியே போகக்கூடாது, உண்மையான எழுத்து வந்த பிறகு மாற்ற வேண்டும் என்று வாண்டுவுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறியதில்லை.

தவறியது பல் டாக்டரிடம்தான். அந்த மனிதர் தன் கிளினிக்கின் தளம் முழுக்க மஞ்சளாக இருக்க வேண்டும் என்றார். “பல் டாக்டருக்கு மஞ்சளா? பாக்கிறவங்களுக்குக் கறை ஞாபகம் வராதா சார்?” என்று அண்ணி கெஞ்சிப் பார்த்தாள். “கிளினிக் சுவத்துக்கு இப்பத்தாம்மா மஞ்சள் பெயின்ட் அடிச்சேன். வெப்சைட்டுக்காக மறுபடி அடிக்க முடியுமா?” என்று அவர் ஒரே போடாகப் போட்டார். சரி, தொலையட்டும் என்று மேலிருந்து கீழ் வரை இளமஞ்சளாகவே வரைந்து கொடுத்தாள்.

அதில் ‘பயமா?’ என்று ஒரு பக்கம். டாக்டர் எழுதித் தருவதாகச் சொன்னார், தரவில்லை. அண்ணி டம்மி எழுத்தைப் போட்டு, வழக்கம்போல மஞ்சள் அடித்து வைத்தாள். மஞ்சள் பக்கத்தில் மஞ்சள் எங்கே தெரியும்? வாண்டு அதை அண்ணி எழுதிய இறுதி வாசகம் என்று நினைத்து ஏற்றிவிட்டாள். தளத்தில் பார்த்தபோது அண்ணியும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதித் தந்துவிட்டார் போலிருக்கிறது, வாண்டு மாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டரோ தன் புகைப்படத்தையும் போன் நம்பரையும் பார்த்துவிட்டு ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டார். எந்த வாடிக்கையாளர்தான் அதைத் தாண்டிப் படித்தார்?

இப்படியாக அந்தப் பத்தி மாதக்கணக்கில் உலகத்துக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நாள் காலையில் வலைத்தள வடிவமைப்பாளர் சங்கத்திலிருந்து போன் வந்தது. சங்கம் வருஷா வருஷம் விருது கொடுக்கும். பெரிய பெரிய நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு போகும். வாண்டு விடாமல் ஒவ்வொரு வருஷமும் ஒரு தளத்தை அனுப்பி வைப்பாள். இதுவரை ‘கிடைக்கப் பெற்றோம், நன்றி’ என்பதைத் தாண்டி ஒரு சொல் வந்ததில்லை. ‘பொண்ணுங்க ரெண்டு பேர் பொழுதுபோக்குக்கு வெச்சிருக்காங்க’ என்று ஒரு பெரிய நிறுவனத்துக்காரர் சொன்னது காதுக்கு வந்த அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு வைராக்கியம்.

“பல் கிளினிக் சைட் இறுதிச் சுத்துக்கு வந்திருக்கும்மா,” என்றார் சங்கத்துச் செயலாளர். வாண்டு நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள். கீழே சலவைக் கடைக்காரர் மேலே பார்த்திருப்பார். “நடுவர்கள் எல்லாரும் அந்தப் பயம் பக்கத்தைத்தான் தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க. விழாவில அந்தப் பத்தியை அப்படியே பெரிய திரையில போடப் போறோம். மேடையில படிக்கவும் போறோம். கேக்கறீங்களா, இதான்...” என்று ஸ்பீக்கரில் படிக்க ஆரம்பித்தார்.

“பல் டாக்டர் என்றாலே உங்களுக்குப் பயமா? வெட்கப்படாதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். ஆள் நிலைப்படி உயரம். குரல் கொடுத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். போன தடவை கிளினிக் வாசல் வரைக்கும் வந்தார். ‘வண்டியைப் பூட்டினேனா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று படியிறங்கியவரை அப்புறம் வீட்டில்தான் பார்த்தோம். வலிக்கு அவர் பயப்படவில்லை. அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தால், கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அழுதுவிடுவோமோ என்றுதான் பயம். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். அவர் இன்னும் உள்ளே போகவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.”

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்ததும் வாண்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணி! என்ன இப்படி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஜெயிச்சுட்டோம்னு வெச்சுக்கோங்க!”

“அது டம்மிடி,” என்றாள் அண்ணி.

“எது?”

“அந்தப் பத்தி. மஞ்சள் அடிச்சு வெச்சேன். டாக்டர் எழுதினது வந்து நீ மாத்திட்டேன்னு நினைச்சேன்.”

வாண்டுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “அதனால என்ன? நல்லாத்தானே இருக்கு? கற்பனையா எழுதினதுதானே?”

அண்ணி அவளையே பார்த்தாள். வாண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். நிலைப்படி உயரம். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். “ஐயையோ,” என்றாள். “எங்க அண்ணனா?”

“உங்க அண்ணன்தான்.”

வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் பல்லியைக் கையால் பிடித்து அவளை ஓட ஓட விரட்டிய அண்ணன், மேட்ச் நடுவரையே அதட்டி உட்கார வைக்கிற அண்ணன், பல் டாக்டருக்குப் பயந்து வண்டியைப் பூட்டப் போனாரா! கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. “அவருக்குத் தெரியாதா?”

தெரிய வழியில்லை. கோச் வலைத்தளமெல்லாம் பார்க்கிற ஆளில்லை. அப்படியே பார்த்தாலும் பல் டாக்டருடைய தளத்தை எதற்குத் திறக்கப்போகிறார்? கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வருஷமாக அவரைப் படுத்தி எடுத்தது. ‘நம்ம கிளையன்ட்தானே, தெரிஞ்ச டாக்டர்தானே’ என்று அண்ணி அங்கேதான் கூட்டிக்கொண்டு போனாள். ஓடிவந்த அன்று சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னதைத்தான் மறுநாள் மனதில் சுமந்துகொண்டு வந்து டம்மியில் இறக்கி வைத்திருந்தாள். வெளியே போகாத எழுத்துதானே என்ற தைரியம்.

இறுதிச் சுற்றுச் செய்தியை வாண்டு ஆசை தாங்காமல் வீட்டில் சொல்லிவிட்டாள், பத்தி விஷயத்தைத் தவிர. கோச்சுக்குத் தலைகால் புரியவில்லை. கிளப்பில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “என் பொண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் அவார்டு” என்று தம்பட்டம் அடித்தார். தன் வாலிபால் அணி மொத்தத்தையும் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த அணி உட்கார்ந்திருக்கும்போதுதான் திரையில் ‘ஆள் நிலைப்படி உயரம்’ என்று வரும். பையன்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மறைக்க வழி இருக்கிறதா என்று அவள் யோசிக்கத்தான் செய்தாள். வேறு யாரையோ பற்றி எழுதியது என்று சொல்லலாம். விழா நாளில் அவருக்குக் காய்ச்சல் வரக் கூடாதா என்றுகூட நினைத்தாள், பாவி. ஆனால் விழாவுக்கு வாங்கிய புதுச் சட்டையை முன்கூட்டியே போட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பி, “காலர் நல்லா நிக்குதா பாரு. மேடைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க” என்று அவர் கேட்டபோது அவளால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

“என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்க,” என்று கைபேசியை நீட்டினாள்.

அவர் சிரித்த முகமாகத்தான் வாங்கினார். மெதுவாக, உதடு அசைய அசையப் படித்தார். வண்டி வந்த இடத்தில் உதடு நின்றது. பிறகு கடைசி வரை படித்தார். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தார்.

“இது எல்லாரும் பாக்கிறதா?”

“ஆமாங்க. தெரியாம வெளிய போயிடுச்சு. சத்தியமா வேணும்னு பண்ணலை.” நடந்ததை மஞ்சளிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை.

“வாண்டு?”

“படிச்சுட்டா.”

கோச் சட்டையைக் கழற்றினார். பொத்தான் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். அவர் கத்தியிருந்தால் அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தத் தெரிந்த மனிதர்தானே! சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல், “உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றார். பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் அண்ணியை விடவில்லை. அதே வாக்கியத்தைத்தானே அவளும் எழுதி வைத்திருந்தாள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி! இனி இந்த மனிதர் தன்னிடம் மனம் விட்டு ஒன்றும் சொல்லமாட்டார், கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார், அப்படியே காலம் ஓடிவிடும் என்று நினைத்தபோது விருதும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஆபீசுக்குள் நுழைந்ததும், “அந்தப் பத்தியை எடுத்துடு வாண்டு. விருதுக்கும் வரலைன்னு சொல்லிடுவோம்” என்றாள்.

வாண்டு சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். எத்தனை வருஷத்து ஆசை! வாண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வேர்வையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கு அந்த விருது வேணும் அண்ணி. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் மூஞ்சியை நேத்து சாயங்காலம் பாத்தேன். எடுத்துடறேன்,” என்று சொல்லிவிட்டுத் தட்டினாள். பயம் பக்கத்தில் தலைப்பு மட்டும் மிஞ்சியது, கீழே வெறும் மஞ்சள். சங்கத்துக்குப் போன் செய்தால், செயலாளர் பதறிப்போய், “அவசரப்படாதீங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

மதியம் படியில் கனமான காலடி கேட்டது. கோச். அவர் மாடி ஆபீசுக்கு வருவதே அபூர்வம். வந்தவர் யாரையும் பார்க்காமல் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது உஸ்ஸென்று தரைக்கு இறங்கியது. முட்டி மோவாயைத் தொட உட்கார்ந்துகொண்டு, “நேத்து நான் பாதிதான் பேசினேன். மீதியைப் பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார். வேறு நாளாக இருந்தால் மூவருமே சிரித்திருப்பார்கள்.

“எடுத்தாச்சுண்ணா,” என்றாள் வாண்டு. “விருதுக்கும் போகலை.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. வாண்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண், மூச்சுவிடாமல் பேசினாள்.

“அண்ணி, அந்தப் பயம் பக்கம் எங்க போச்சு? திறந்தா ஒண்ணுமே இல்லையே! இங்க வாசல்ல ஒரு டீச்சரம்மா நிக்கிறாங்க, உள்ள வரவே மாட்டேங்கிறாங்க. நான் எப்பவும் இந்த மாதிரி நிக்கிறவங்களை அதைத்தான் படிக்கச் சொல்லுவேன். படிச்சாங்கன்னா பாதிப் பேர் வந்துடுவாங்க. இப்பப் பாத்து காணோம்! டாக்டர் வேற உள்ள கத்தறார்.”

தரைக்கு இறங்கிய நாற்காலியிலிருந்து கோச்தான் கேட்டார். “படிச்சுட்டு சிரிப்பாங்களா?”

“யாருங்க அது?”

“நான்... ஆபீஸ்ல ஒருத்தன்.”

“சிரிப்பாங்க சார், சிரிக்காம என்ன? வண்டியைப் பூட்டப் போன இடத்துல எல்லாருமே சிரிப்பாங்க. சிரிச்சுட்டு உள்ள வந்து உக்காந்துடுவாங்க. அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார், கடைசியில வந்தாரா இல்லையான்னு என்னைப் போட்டுக் குடைவாங்க. எனக்கென்ன தெரியும்? யாரோ பாவம், நல்ல மனுஷன். ஹலோ? அண்ணி, பக்கத்தைச் சீக்கிரம் போடுங்க, டீச்சரம்மா படியிறங்கறாங்க!”

கோச் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். கதவருகே போய் நின்று, “வர்றியா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியாமல் இரண்டு பெண்களும் விழித்தார்கள். “உன்னைத்தாம்மா,” என்றார் அண்ணியிடம். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

வண்டியில் அவர் வழிகூடக் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் தெரிந்த வழிதானே!

டீச்சரம்மா தெருவுக்கு வந்துவிட்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார். கோச் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவரிடம் போனார். அண்ணி பின்னாலேயே ஓடினாள். இந்த மனிதர் என்ன செய்யப்போகிறாரோ என்று அவளுக்குப் பயம்.

“டீச்சர், நீங்க அந்த வெப்சைட்டைப் படிச்சிருக்கீங்களா? பயமான்னு கேட்டு ஒண்ணு வரும்.”

“போன வாரம் படிச்சேன். அதைப் படிச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. இப்ப மறுபடி பாத்தா அதைக் காணோம்.” கன்னம் வீங்கியிருந்ததால் டீச்சருக்குப் பேச்சு ஒரு பக்கமாக வந்தது.

“அதுல வர்ற ஆள் நான்தான்.”

டீச்சர் அவரைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். “உயரம் சரியாத்தான் எழுதியிருக்காங்க,” என்றார். பிறகு, “வண்டியைப் பூட்டிட்டீங்களா?” என்று கேட்டார்.

கோச் தன்னையறியாமல் திரும்பி வண்டியைப் பார்த்தார். பூட்டவில்லை. டீச்சர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோச்சுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி போய் வண்டியைப் பூட்டினாள்.

“நீங்க முதல்ல போங்க,” என்றார் டீச்சர்.

“லேடீஸ் ஃபர்ஸ்ட் டீச்சர்.”

“அதெல்லாம் பஸ்ல. இங்க இல்லை.”

இப்படி மாற்றி மாற்றி உபசாரம் செய்துகொண்டு நின்றவர்களைப் பார்த்து, டாக்டரே வெளியே வந்து, “ரெண்டு பேரும் சேந்தே வாங்கய்யா, வாசல்ல கூட்டம் போடாதீங்க” என்று அதட்டினார். டீச்சர் படியேறினார். கோச்சும் ஏறினார். மேல் படியில் நின்றார். அவர் ஒரு கையைப் பின்னால் நீட்டினார், திரும்பிப் பார்க்காமலே. அவள் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. சிகிச்சை முடியும் வரை அவர் அதை விடவில்லை. அழவும் இல்லை. அவள்தான் அழுதாள்.

வெளியே வந்தபோது அவர் வாய் நிறையப் பஞ்சு. எதையோ சொன்னார், புரியவில்லை. கைபேசியில் தட்டிக் காட்டினார். ‘பத்தியை மறுபடி போடச் சொல்லு. சங்கத்துக்கும் சொல்லு. எனக்குக் கோபம் இன்னும் போகலை.’

“சரிங்க,” என்றாள் அண்ணி. கோபம் இருந்தால் இருக்கட்டும், சொன்னாரே, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. வாண்டு அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் பத்தியை ஏற்றிவிட்டு, செயலாளரிடமும் பேசிவிட்டாள். அந்த வேகத்தில் எதையும் செய்தவளில்லை அவள்.

விழா மண்டபத்தில் நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. வாலிபால் அணி ஒரு வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் புதுச் சட்டையில் கோச். பத்தி பெரிய திரையில் வந்தது, ஒருவர் மேடையில் வாசித்தார். நிலைப்படி உயரம் வந்ததுமே பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வண்டி வந்தபோது மண்டபமே சிரித்தது. கோச்சின் காது சிவந்தது, ஆனால் தலை குனியவில்லை. சிறிய நிறுவனங்களுக்கான முதல் விருது மாடி ஆபீசுக்குத்தான். வாண்டு மேடைக்கு ஓடினாள், படி தடுக்கி, பிடித்துக்கொண்டு, மறுபடி ஓடினாள். பொழுதுபோக்கு என்று சொன்ன அந்தப் பெரிய நிறுவனத்துக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அவரைப் பார்த்து வாண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

“இந்தப் பத்தி எப்படித் தோணுச்சு?” என்று தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

அண்ணி மறைக்கவில்லை. “யோசிச்சு எழுதலைங்க. அது டம்மி எழுத்து. எடுக்க மறந்துட்டோம்.”

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எல்லாரும் அதே தொழில்காரர்கள். ஒவ்வொருவருக்கும் எடுக்க மறந்த ஏதோ ஒன்று இருந்திருக்கும். முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“அப்ப அவர் நிஜமான ஆளா?” தொகுப்பாளர் விடவில்லை. “எங்க எல்லாருக்கும் தெரிஞ்சாகணும். கடைசியில அவர் உள்ள போயிட்டாரா, இல்லையா?”

போய்விட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு போனார், எப்பேர்ப்பட்ட மனிதர் தெரியுமா என்று சொல்ல அண்ணிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை முதலில் அவரைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கோச் தலையை மெல்ல ஆட்டினார். இல்லை என்று.

“இன்னும் இல்லைங்க,” என்றாள் அண்ணி மைக்கில்.

மறுபடி சிரிப்பு, கைதட்டல். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கோச்தான். கடைவாயில் பல் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

விழா முடிந்து வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போது, வாண்டு விருதை ஒவ்வொரு பையனிடமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன் இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க? தைரியமா உள்ள போயிட்டு வந்த ஆளு நீங்க.”

“நான் போயிட்டேன்னு சொன்னா, வாசல்ல நிக்கிறவங்க தனியா நிக்கணுமே,” என்றார் அவர். “நானும் அவங்களோட நின்னுட்டுப் போறேன். எனக்கென்ன குறைஞ்சிடும்? இந்தப் பசங்க நாளைக்கு கிரவுண்டுல ஓட்டுவானுங்க. ஓட்டட்டும்.”

அவர் சாவியை எடுத்தார். எடுத்தவர் வண்டியில் ஏறாமல் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார்.

“இன்னொண்ணு இருக்கு. சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்,” என்றார். “எழுத மாட்டியே?”

“மாட்டேங்க.”

“டம்மியாக்கூட?”

“டம்மியாக்கூட எழுத மாட்டேன்.”

அவர் குனிந்து அவள் காதருகே சொன்னார். என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். நமக்கு எதற்கு அது?